பாதிக்கப்பட்டவர் தன் பாரபட்சத்தை ஏன் தேட வேண்டும்? ஆசிரியப் பயிற்சியில் இருக்கும் தங்கைக்கு ஒரு பதில்

ஒன்ராறியோவில் ஆசிரியப் பயிற்சியின் முதலாம் ஆண்டில் இருக்கும் ஒரு தமிழ்ப் பெண், இனப்பாகுபாட்டு எதிர்ப்புக் கல்வி என்ற பாடத்துக்காகத் தன்னுடைய பண்பாட்டு அடையாளத்தையும் அதற்குள் இருக்கும் பாரபட்சங்களையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை எழுத வேண்டியிருப்பதாகச் சொல்லி, மூன்று ஐயங்களை எழுப்பியிருக்கிறார். அவருடைய தாய் தகப்பன் போருக்குத் தப்பி அகதிகளாக வந்தவர்கள். சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தால் மூக்கைப் பொத்துகிற பிள்ளைகளுக்கு நடுவில் அவர் படித்து வளர்ந்திருக்கிறார். துவேசத்தை அனுபவித்த தான் எதற்காகத் தன்னிடமே துவேசத்தைத் தேட வேண்டும் என்பது முதல் ஐயம். வீட்டில் கேட்ட சொற்களை ஒரு வெள்ளைக்கார விரிவுரையாளருக்கு எழுதிக் கொடுப்பது தன் சனத்தைக் காட்டிக்கொடுப்பதாகிவிடாதா என்பது இரண்டாவது. கறுப்பின மக்களைக் குறிக்க அம்மம்மா சொல்லும் ஒரு சொல்லை அந்தக் கட்டுரையில் எழுதலாமா என்பது மூன்றாவது.

நான் ரொறன்ரோவின் கிழக்குப் பகுதிப் பாடசாலைகளில் 7ஆம், 8ஆம் வகுப்புகளுக்கு 20 ஆண்டுகளுக்கு மேலாகக் கற்பித்து வருகிறேன், யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவன். உங்கள் முதல் ஐயம் எனக்கும் இருந்தது, அதில் நியாயமும் இருக்கிறது. ஆசிரியக் கல்லூரிகள் கொடுக்கும் இந்தப் பயிற்சியின் பெரும்பகுதி, வெள்ளையின ஆசிரியர்கள் தங்களைத் தாங்களே கேட்டுக்கொண்ட கேள்விகளிலிருந்து வளர்ந்தது. அமெரிக்காவின் வெல்ஸ்லி கல்லூரியில் பணியாற்றிய பெக்கி மெக்கின்டோஷ் 1980களின் இறுதியில், வெள்ளையினத்தவராக இருப்பதாலேயே தனக்குக் கேளாமல் கிடைக்கும் சலுகைகளை ஒவ்வொன்றாக எழுதிப் பட்டியலிட்டார். கடையில் வாங்கும் காயப் பிளாஸ்டர் ஏறக்குறையத் தன் தோலின் நிறத்திலேயே இருக்கிறது என்பதும் அந்தப் பட்டியலில் ஒன்று. அதை வைத்து வகுப்பு நடத்தினால், எங்களைப் போன்றவர்கள் கையைக் கட்டிக்கொண்டு பின்வரிசையில் இருப்பதைத் தவிர வேறொன்றும் செய்வதற்கில்லை. அந்தச் சட்டை நமக்கு அளவாகத் தைக்கப்படவில்லை. அதற்காக நமக்குச் சட்டையே வேண்டாம் என்று இருந்துவிட முடியாது. நம்முடைய அளவை நாமே எடுத்துத் தைக்க வேண்டியிருக்கிறது.

நம் பேச்சில் ‘துவேசம்’ என்ற சொல் எப்படிப் புழங்குகிறது என்று கவனித்துப் பாருங்கள். ‘அவன் துவேசம் பாக்கிறான்’, ‘அந்த மனிசி சரியான துவேசம்’ என்கிறோம். எழுவாய் எப்போதும் வெளியாராகவே இருக்கும். ‘நான் துவேசம் பாத்திட்டன்’ என்று ஒரு தமிழர் சொல்லி நான் இந்த நகரத்தில் கேட்டதில்லை. இலங்கையில் தமிழர் தாக்கப்பட்ட 1958, 1977, 1983 என்று ஆண்டுகளைச் சொல்லியே காயங்களை எண்ணுகிற ஒரு சமூகத்தில் அந்தச் சொல் அப்படி ஒரு பக்கமாக நின்றுபோனதில் வியப்பில்லை. ஆனால் நீங்கள் ஆசிரியராகும் நாளில் உங்கள் நிலை மாறுகிறது. மற்றவர்களுடைய பிள்ளைகளைப் பற்றி எழுதிவைக்கும் அதிகாரத்தை மாகாண அரசு உங்கள் கையில் கொடுக்கிறது. உங்கள் தோலின் நிறம் என்னவாக இருந்தாலும் அந்தக் கையெழுத்துக்கு ஒரே பெறுமதிதான். உங்களுடைய ஆராய்ச்சியை அந்தக் கையெழுத்திலிருந்து தொடங்கும்படி கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் நான் பிடிபட்ட இடமும் அதுதான்.

ஒன்ராறியோவின் ஆரம்பப் பாடசாலைத் தேர்ச்சி அறிக்கையில், பாடப் புள்ளிகளுக்கு முன்பாகவே, கற்றல் திறன்கள் என்று ஆறு கட்டங்கள் இருக்கின்றன: பொறுப்புணர்வு, ஒழுங்கமைப்பு, தனித்துச் செயற்படுதல், சேர்ந்து செயற்படுதல், முன்முயற்சி, தன்னைத் தானே நெறிப்படுத்துதல். ஒவ்வொன்றுக்கும் மிகச் சிறப்பு, நன்று, திருப்தி, முன்னேற்றம் தேவை என்ற நான்கில் ஒன்றை ஆசிரியர் இட வேண்டும். கணிதத்தில் ஒரு பிள்ளைக்கு 68 போட்டால் அதற்குப் பரீட்சைத் தாள் சாட்சி. ‘தன்னைத் தானே நெறிப்படுத்துதல்’ என்ற கட்டத்துக்கு ஆசிரியரின் மனம் மட்டுமே சாட்சி. அடுத்த ஆண்டு அந்தப் பிள்ளையைப் பொறுப்பேற்கும் ஆசிரியரும், பிள்ளையை எந்த வகுப்பில் இருத்துவது என்று முடிவுசெய்கிறவர்களும் முதலில் பார்ப்பது இந்தக் கட்டங்களைத்தான்.

பல ஆண்டுகளுக்கு முன்பு ஒரு பெப்ரவரி மாதம், முதலாம் தவணை அறிக்கைகளை எழுதி முடித்துவிட்டு, எழுத்துப் பிழை பார்த்துத் தரும்படி பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் கொடுத்தேன். அவருடைய பெற்றோர் கிரெனடாவிலிருந்து வந்தவர்கள். மறுநாள் காலை அவர் என் மேசைக்கு வந்து இரண்டு அறிக்கைகளை அருகருகே வைத்தார். ஒன்று ஒரு தமிழ்ப் பையனுடையது. மற்றது ஜமேக்காவிலிருந்து வந்த ஒரு குடும்பத்துப் பையனுடையது. இருவரும் அந்தத் தவணையில் ஐந்து ஒப்படைகளைத் தரவில்லை என்று என் கையாலேயே குறித்திருந்தேன். தமிழ்ப் பையனுக்குப் பொறுப்புணர்வு ‘நன்று’, கொஞ்சம் ஊக்குவித்தால் இன்னும் உயர்வார் என்று ஒரு குறிப்பு. மற்றவருக்கு ‘முன்னேற்றம் தேவை’, வேலையைப் பொருட்படுத்துவதில்லை என்று ஒரு குறிப்பு. அந்த ஆசிரியை ஒன்றும் சொல்லவில்லை. ‘ஐந்து’ என்று நான் எழுதியிருந்த இரண்டு இடங்களிலும் பென்சிலின் முனையை வைத்துக் காட்டினார், அவ்வளவுதான்.

நான் உடனே எனக்காக வாதாடத் தொடங்கினேன். தமிழ்ப் பையனின் தகப்பன் இரவு வேலை, தாய் பகல் வேலை, இரண்டு பேரும் ஒருவரையொருவர் காண்பதே சனி, ஞாயிறில்தான், பையன்தான் தம்பியைக் கூட்டிவந்து சாப்பாடு சூடாக்கிக் கொடுக்கிறான் என்றெல்லாம் சொன்னேன். சொன்னது அத்தனையும் உண்மை. அவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, மற்றப் பையனின் தாய் என்ன வேலை செய்கிறார் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. ஆறு மாதமாக என் முன்னால் இருந்த பிள்ளையின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்பதே எனக்குத் தெரியவில்லை.

அன்றிலிருந்து பாரபட்சத்தைப் பற்றிய என் எண்ணம் மாறிவிட்டது. அதுவரை அதை நான் வெறுப்பு என்று நினைத்திருந்தேன். வெறுப்பைத் தேடி என் மனத்துக்குள் எவ்வளவு ஆழம் போயிருந்தாலும் ஒன்றும் கிடைத்திருக்காது. அந்தப் பையனை நான் வெறுக்கவே இல்லை. ஒருவனுடைய தவறுக்குப் பின்னால் ஒரு வீடு எனக்குத் தெரிந்தது, மற்றவனுடைய தவறு வெறும் தவறாகவே தெரிந்தது. என் பரிவு எனக்குத் தெரிந்த கதை உள்ளவர்களுக்கு மட்டும் போய்ச் சேர்ந்தது. ‘எங்கட பிள்ளையள்’ என்ற பாசத்தோடு வேலைக்கு வருகிற நம்மைப் போன்ற ஆசிரியர்கள் இதைத்தான் தேட வேண்டும் என்று நினைக்கிறேன்.

அந்தப் பாசத்தால் தமிழ்ப் பையனுக்கும் நன்மை விளையவில்லை என்பதைப் பின்னாளில் அறிந்தேன். அவனுக்கு வாசிப்பில் ஒரு சிக்கல் இருந்தது. ‘நன்று’ என்று எழுதிய கை அதைத் தேடிப் பார்க்கவில்லை. உயர்பாடசாலைக்குப் போன பிறகுதான் வேறொருவர் கண்டுபிடித்தார். தமிழ்ப் பிள்ளை என்றால் படிப்பான், வீட்டில் டியூசனுக்கு விடுவார்கள், எப்படியும் கரையேறிவிடுவான் என்ற நம்பிக்கையும் ஒரு முன்முடிவுதான்.

என் ஒருவனின் கதையை வைத்து ஒரு முறைமையை எடைபோட முடியாது என்பீர்கள். யோர்க் பல்கலைக்கழகத்தின் பேராசிரியர் கார்ல் ஜேம்ஸ் 2017இல் வெளியிட்ட அறிக்கை ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபையின் தரவுகளைக் கொண்டது. 2006 முதல் 2011 வரையான மாணவர் தொகுதியில், உயர்பாடசாலையை முடிப்பதற்குள் ஒரு முறையாவது இடைநிறுத்தப்பட்ட கறுப்பின மாணவர்கள் 42 சதவீதம். வெள்ளையினத்தவர் 18 சதவீதம். ஏனைய சிறுபான்மையினர் 15 சதவீதம். பல்கலைக்கழகத்துக்கு இட்டுச்செல்லும் பாடப்பிரிவில் கறுப்பின மாணவர்கள் 53 சதவீதம்தான். மற்ற இரு பிரிவினரும் 80 சதவீத அளவில் இருந்தார்கள். 9ஆம் வகுப்பில் பிள்ளைகளை அப்படி இரண்டாகப் பிரிக்கும் முறை ஒன்ராறியோவில் கணிதத்துக்கு 2021இலும் மற்றப் பாடங்களுக்கு 2022இலும் கைவிடப்பட்டது. கட்டுரை எழுத உட்காரும்போது அந்த 15 என்ற எண்ணைப் பாருங்கள். தமிழ்ப் பிள்ளைகளும் அடங்கும் அந்தப் பிரிவு இடைநிறுத்தத்தில் வெள்ளையினத்தவரை விடவும் கீழே நிற்கிறது. சாப்பாட்டுப் பெட்டியை மூடிவைத்துப் பசியோடு வீட்டுக்குப் போன பிள்ளையும் இந்த நகரத்தில் ஒரு வகையான சலுகையோடு வளர்ந்திருக்க முடியும். இரண்டும் ஒரே பிள்ளைக்கு நடந்தவை; ஒன்றை எழுதுவதற்காக மற்றதை அழிக்க வேண்டியதில்லை.

கண் எங்கே போகிறது என்பதைப் பற்றியும் ஓர் ஆய்வு இருக்கிறது. யேல் பல்கலைக்கழகத்தின் வால்டர் கிலியம் குழுவினர் 2016இல், 130க்கும் மேற்பட்ட முன்பள்ளி ஆசிரியர்களிடம் நான்கு பிள்ளைகள் விளையாடும் காணொளியைக் காட்டி, குழப்படி தொடங்குவதைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். காணொளியில் குழப்படி எதுவும் இல்லை. ஆனாலும் ஆசிரியர்களின் பார்வை கறுப்பினச் சிறுவன் மீதே அதிகம் நின்றதை கண்ணசைவைப் பதியும் கருவி காட்டியது. கறுப்பின ஆசிரியர்களும் இதற்கு விலக்காக இருக்கவில்லை. ஒரு சமூகத்தைச் சேர்ந்தவர் என்பதாலேயே அந்தச் சமூகத்தைப் பற்றிய பொதுக் கற்பிதத்திலிருந்து ஒருவர் தப்பிவிடுவதில்லை என்றால், வெளியிலிருந்து வந்த நாம் தப்பியிருப்போம் என்று எண்ண இடமில்லை.

இனி, அடையாளம் என்ற பகுதிக்கு வருகிறேன். பெரும்பாலான மாணவர்கள் இங்கே மொழி, கோயில், பொங்கல், பரதநாட்டியம் என்று எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அவை உங்களுடைய அணிகலன்கள். வகுப்பறையில் வேலை செய்வது வேறொன்று: எது மரியாதை, எது திமிர், யார் நல்ல பிள்ளை, யார் நல்ல பெற்றோர் என்று நீங்கள் யோசிக்காமலே முடிவுசெய்யும் அளவுகோல். நமக்கு ‘எழுத்தறிவித்தவன் இறைவன்’. ஆசிரியர் ஏசும்போது குனிந்து நிற்கிற பிள்ளை நமக்கு அடக்கமான பிள்ளை. கண்ணைப் பார்த்து மறுமொழி சொல்கிற பிள்ளை வாய்க்காரப் பிள்ளை. பெற்றோர் சந்திப்பில் நம் தாய் தகப்பன் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு, ஆசிரியர் என்ன சொன்னாலும் தலையாட்டிவிட்டு, ‘நீங்கள் கண்டிச்சு வையுங்கோ’ என்று சொல்லி எழும்புவார்கள். கறுப்பினத் தாய் ஒருவர் வந்து, என் மகனை ஏன் மூன்று முறை வகுப்புக்கு வெளியே அனுப்பினீர்கள், அதே குழப்படியைச் செய்த மற்றப் பிள்ளைகளையும் அனுப்பினீர்களா, எழுத்தில் காட்டுங்கள் என்று குரலை உயர்த்திக் கேட்டபோது, இந்த அம்மா சண்டைக்கு வந்திருக்கிறார் என்றுதான் என் மனம் பதிவு செய்தது.

அந்தத் தாயின் குரலுக்குப் பின்னால் உள்ள வரலாறு எனக்கு அப்போது தெரியாது. ஒன்ராறியோவில் 1850ஆம் ஆண்டின் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தனிப் பாடசாலைகளுக்கு வழி திறந்தது. கடைசித் தனிப் பாடசாலை மூடப்பட்டது 1965இல். நோவா ஸ்கோஷியாவில் கடைசித் தனிப் பாடசாலை மூடப்பட்டது 1983இல். 1983 என்றால் தமிழர் எவருக்கும் நெஞ்சு திடுக்கிடும். கொழும்பில் நம் கடைகளும் வீடுகளும் எரிந்த அதே ஆண்டுவரை, நாம் தஞ்சம் தேடி வந்த இந்த நாட்டில் அப்படியொரு பாடசாலை இருந்திருக்கிறது. பாடசாலையை நம்பாதே, எழுத்தில் கேள் என்று தலைமுறைகளாகக் கற்றுக்கொண்ட ஒரு தாய், தன் பிள்ளைக்காகச் செய்ய வேண்டியதைத்தான் செய்தார். நம் பெற்றோர் பாடசாலையை முழுதாக நம்பியதற்கும் ஒரு வரலாறு இருக்கிறது: காணியையும் வீட்டையும் இழந்த பிறகு கையில் மிஞ்சியது படிப்பு ஒன்றுதான். இரண்டு நடத்தைகளும் இரண்டு வரலாறுகளிலிருந்து வந்தவை. ஒன்றை அளவுகோலாக்கி மற்றதை அளந்ததே என் தவறு.

பூர்வகுடிப் பிள்ளைகளின் விடயத்தில் இது இன்னும் ஆழமானது. கனடிய அரசும் தேவாலயங்களும் நடத்திய வதிவிடப் பாடசாலைகளில் 150,000க்கும் மேற்பட்ட பிள்ளைகள் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைக்கப்பட்டார்கள்; அவர்கள் தங்கள் தாய்மொழியைப் பேசியதற்குத் தண்டிக்கப்பட்டார்கள். அந்தப் பாடசாலைகளில் கடைசியானவை 1990களில்தான் மூடப்பட்டன. அதை விசாரித்த உண்மை, நல்லிணக்க ஆணைக்குழு 2015இல் வெளியிட்ட, நடவடிக்கை கோரும் 94 அழைப்புகளில் 62ஆவது, இந்த வரலாற்றை எல்லா வகுப்புகளிலும் கட்டாயமாகக் கற்பிக்கச் சொல்கிறது. ஆகவே இதை நீங்கள் கற்பிக்கத்தான் போகிறீர்கள். ரொறன்ரோவின் கிழக்கே ஸ்காபரோவில் நம் கடைகளும் கோயில்களும் நிற்கும் நிலம், பூர்வகுடிகளோடு அரசு 1923ஆம் ஆண்டில் செய்துகொண்ட வில்லியம்ஸ் உடன்படிக்கைகளுக்குள் வருவது; அதில் ஏழு பூர்வகுடிச் சமூகங்களுக்கு இழைக்கப்பட்ட அநீதிக்கு 110 கோடி டொலர் தீர்வு எட்டப்பட்டது 2018இல்தான். பறிபோன காணிக்காக இன்றும் போராடுகிற ஒரு சனத்தின் பிள்ளை, இது பூர்வகுடிகளின் நிலம் என்று காலையில் ஒலிபெருக்கியில் சொல்லப்படும் நில அங்கீகார வாசகத்தைக் கேட்கும்போது அதை ஒரு சடங்காகக் கடந்துபோகத் தேவையில்லை. அங்கே உங்களுக்குச் சொல்ல உண்மையாகவே ஏதோ இருக்கிறது.

நமக்குள்ளேயே இருக்கும் பிரிவினைகளைத் தொடாமல் இந்த ஆராய்ச்சி முடியாது. இதைச் சொல்வது வலிக்கிறது. இரண்டு தமிழர் முதன்முதலாகச் சந்தித்தால், ‘ஊரில எவடம்?’ என்ற கேள்வி வரும். ஊரைச் சொன்னால், ‘அங்க எந்தப் பக்கம்?’ என்று இரண்டாவது கேள்வி வரும். கோயிலடியா, சந்தியடியா, யாருடைய வீட்டுக்குப் பக்கம் என்று மூன்றாவது கேள்வி வருவதற்குள் கேட்டவருக்குத் தேவையான விடை, அதாவது சாதி, கிடைத்துவிடும். இதை நானே பெற்றோர் சந்திப்பில் கேட்டிருக்கிறேன். அன்பாகப் பேச்சைத் தொடங்குவதாகவே நினைத்துக் கேட்டேன். ஒருமுறை ஒரு தகப்பன் ஊரின் பெயரைச் சொன்னதும், அடுத்த கேள்விக்கு இடம் கொடாமல் மகளின் கொப்பியை எடுத்து விரித்துக் கணக்கைப் பற்றிக் கேட்கத் தொடங்கினார். அவருடைய விரல்கள் நடுங்கியதைப் பார்த்த பிறகுதான் அந்தக் கேள்வியை நான் விட்டேன். யாழ்ப்பாணத்துப் பாடசாலைகளில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் மற்றவர்களோடு வாங்கில் இருக்க முடியாமல் தரையில் இருத்தப்பட்டதும், 1920களின் இறுதியில் சம ஆசனம் கேட்டபோது அதற்கு எழுந்த எதிர்ப்பில் பாடசாலைகள் எரிக்கப்பட்டதும் நம்முடைய கல்வி வரலாறுதான். ரொறன்ரோ மாவட்டப் பாடசாலைச் சபை 2023 மார்ச்சில் சாதி ஒடுக்குமுறை இருப்பதை ஒப்புக்கொண்டு, அதைக் கையாள வழிகாட்டும்படி மாகாண மனித உரிமை ஆணைக்குழுவைக் கேட்டதற்குக் காரணம், அந்த வாங்கு கடல்கடந்தும் வந்திருக்கிறது என்பதுதான். மலையகத் தமிழரைப் பற்றி நம் வீடுகளில் பேசப்படும் விதமும், 1990 ஒக்ரோபரில் வடக்கிலிருந்து 70,000க்கும் மேற்பட்ட முஸ்லிம் மக்கள் வெளியேற்றப்பட்டபோது நாம் காத்த மௌனமும் இதே வரிசையில் வருபவை. உங்கள் வகுப்பில் யாழ்ப்பாணத்து முஸ்லிம் குடும்பத்துப் பிள்ளை ஒன்று இருக்கலாம். வீட்டில் தமிழ் பேசுகிற அந்தப் பிள்ளையை நீங்கள் ‘எங்கட பிள்ளை’ என்று எண்ணுவீர்களா என்பது நல்ல கேள்வி.

இரண்டாவது ஐயத்தை நான் முழுதாக மதிக்கிறேன். அதிகாரத்தில் இருக்கும் ஒருவருக்கு முன்னால் நம் வீட்டு அழுக்கை அலசும்போது, ‘பார்த்தீர்களா, எல்லாரும் இப்படித்தான்’ என்று அவர் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள அது உதவிவிடக்கூடும். எனவே இரண்டு கொப்பிகள் வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று உங்களுக்கு மட்டும். அதில் எதையும் மறைக்காதீர்கள், பெயர், சொல், நடந்த இடம் எல்லாம் இருக்கட்டும். மற்றது கல்லூரிக்கு, அதில் உங்களுடைய செயலைப் பற்றி மட்டும் எழுதுங்கள். அம்மா சொன்னதையும் மாமா சொன்னதையும் பட்டியலிட்டு, தான் அவற்றிலிருந்து மீண்டு வந்ததாக முடிக்கும் கட்டுரைகள் வீட்டாரைக் கூண்டில் ஏற்றித் தன்னை மட்டும் இறக்கிவிடுகின்றன. காட்டிக்கொடுத்தல் என்று நீங்கள் அஞ்சுவது அந்த வகை எழுத்துக்குப் பொருந்தும். ‘பயிற்சிக் கற்பித்தலின் மூன்றாம் நாள், கையை உயர்த்திய இரண்டு பிள்ளைகளில் நான் இவரைக் கேட்டேன், அவரைக் கேட்கவில்லை’ என்று எழுதுகிற எழுத்து யாரையும் காட்டிக்கொடுப்பதில்லை.

இணையத்தில் இருக்கும் மறைமுகப் பாரபட்சச் சோதனையைச் செய்யச் சொல்வார்கள். 1998இல் அறிமுகமான அந்தச் சோதனை, கறுப்பின, வெள்ளையின முகங்களோடு நல்ல சொல்லையும் கெட்ட சொல்லையும் எவ்வளவு விரைவாகச் சேர்க்கிறீர்கள் என்று அளக்கிறது. செய்து பாருங்கள், ஆனால் ஒரே ஆளுக்கே இரண்டு நாட்களில் இரண்டு விதமான விடை வருவதுண்டு என்பதால், அதை இரத்தப் பரிசோதனை அறிக்கை போல எடுத்துக்கொள்ள வேண்டாம். அத்தகைய பாரபட்சத்தைக் குறைக்கும் ஒன்பது முறைகளை ஆயிரக்கணக்கானவர்களிடம் சோதித்த ஒரு பெரிய ஆய்வு, கிடைத்த மாற்றம் சில மணி நேரத்திலோ சில நாட்களிலோ மறைந்துவிட்டதாக 2016இல் அறிவித்தது. ஒரு நாள் பட்டறையில் மனத்தைக் கழுவிக்கொண்டு வந்துவிடலாம் என்ற நம்பிக்கையை நான் விட்டதற்கு அதுவும் ஒரு காரணம்.

நான் செய்வது மிக எளிய வேலை. மேசை லாச்சிக்குள் ஒரு சின்னக் கொப்பி இருக்கிறது. ஒவ்வொரு தவணையிலும் மூன்று வாரம், யாருடைய வீட்டுக்குத் தொலைபேசி எடுத்தேன், நல்ல செய்திக்கா முறைப்பாட்டுக்கா, யாரை அதிபரின் அறைக்கு அனுப்பினேன், யாருக்கு இரண்டாவது வாய்ப்புக் கொடுத்தேன் என்று ஒரு வரி எழுதிவைப்பேன். மூன்று வாரம் முடிந்ததும் எண்ணிப் பார்ப்பேன். முதல் தடவை எண்ணியபோது, நல்ல செய்திக்காக நான் எடுத்த பதினோரு அழைப்புகளில் எட்டுத் தமிழில் பேசியவை. எனக்குப் பேச எளிதாக இருந்த வீடுகளுக்கே நல்ல செய்தி போயிருந்தது. அன்று பின்னேரமே முன்பு ஒருபோதும் பேசியிராத நான்கு வீடுகளுக்கு அழைத்தேன். கட்டுரைகளைத் திருத்தும்போது பெயரை மடித்து மறைத்துவிட்டுத் திருத்துகிறேன். கற்றல் திறன்களுக்கு ‘முன்னேற்றம் தேவை’ என்று எழுத வேண்டியிருந்தால், அந்தப் பிள்ளையின் வீட்டில் யார் யார் இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்வரை எழுதுவதில்லை.

கடைசியாக அம்மம்மாவின் சொல். என் அம்மாவும் அதே சொல்லைத்தான் சொல்வார்: காப்பிலி. எந்தப் பாடசாலைக்கு என்னை மாற்றினாலும், அங்கே அவர்கள் கூடவோ என்று கேட்பார். பல ஆண்டுகள் நான் அந்தச் சொல்லைக் கேட்டு வெட்கப்பட்டு, பேச்சை மாற்றிக்கொண்டிருந்தேன். பிறகொரு நாள், அந்தச் சொல்லை எங்கே கேட்டீர்கள் அம்மா என்று கேட்டேன். கனடாவுக்கு வரும்வரை தான் ஒரு கறுப்பின மனிதரையும் கண்டதில்லை என்றும், சின்ன வயதில் வெயிலில் விளையாடி வந்தால், காப்பிலி மாதிரிக் கறுத்துப்போனாய், உன்னை ஆர் கட்டுவான் என்று தன் பெரியம்மா ஏசுவார் என்றும் சொன்னார். கண்டிராத ஒரு மக்களின் பெயரால் தன் தோலையே வெறுக்கக் கற்றுக்கொண்ட ஒரு சிறுமி அந்தச் சொல்லுக்குள் இருந்தார். காப்பிலி என்பது அரபு வணிகர்களின் ஒரு சொல்லிலிருந்து வந்தது; அதைப் போர்த்துக்கேயர் எடுத்துக்கொண்டார்கள். ஆபிரிக்காவிலிருந்து தாங்கள் இலங்கைக்குக் கொண்டுவந்தவர்களை அந்தச் சொல்லால் அழைத்தார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்றும் புத்தளத்துக்கு அருகே சிறம்பியடியில் வாழ்கிறார்கள் என்று அம்மாவுக்குச் சொன்னேன். அங்கே அவர்கள் என்ன பாஷை பேசுகிறார்கள் என்று அம்மா கேட்டார். முன்பு போர்த்துக்கேயக் கலப்பு மொழி பேசியவர்கள், இப்போது பெரும்பாலும் சிங்களம் என்றேன். தங்கட பாஷையை விட்டிட்டினமோ என்று கேட்டுவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தார்.

அந்தச் சொல்லைக் கட்டுரையில் எழுதுவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் முன், அம்மம்மாவிடம் அதை முதன்முதலில் யார் வாயில் கேட்டீர்கள் என்று கேளுங்கள். அவர் சொல்வதை முதலாவது கொப்பியில் அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். இரண்டாவது கொப்பிக்கு அது போகலாமா என்பதை அவரிடமே கேட்கலாம்.